பலகை மாறியது, நாற்காலி?

(ராமநாதபுரத்தில் ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1950 ஜனவரி 26 அன்று ஃபெடரல் கோர்ட் போய் உச்சநீதிமன்றம் வந்தது. பழைய கோர்ட்டில் இருந்த நீதிபதிகள் என்ன ஆனாங்க? அரசியல் சட்டத்தின் 374ஆம் பிரிவு, வேண்டாம்னு சொன்னவரைத் தவிர எல்லாரும் அன்றைக்கே உச்சநீதிமன்ற நீதிபதிகள்னு சொல்லிடுச்சு. கனியா தலைமை நீதிபதியாகவே தொடர்ந்தார். உயர்நீதிமன்றங்களுக்கு 376ஆம் பிரிவு. நம்ம ஜில்லாவின் அப்பீல்களைக் கேட்ட சென்னை நீதிபதிகளும் இப்படித்தான் குடியரசுக்குள்ளே வந்தாங்க.

பணத்திலும் குறை வைக்கலை. பழைய சம்பளம் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்தை உயர்நீதிமன்ற நீதிபதிக்குத் தனிச் சம்பளமாகக் கொடுக்கணும்னு இரண்டாம் அட்டவணை சொல்லுது. பேங்குகளை இணைக்கும்போது எங்களைப் போன்ற கிளார்க்குகள் பயந்து பயந்து கேட்கிற கேள்விக்கு, அவங்களுக்கு முன்கூட்டியே பதில் எழுதியாச்சு.

இதைத் தப்புன்னு நான் சொல்லலை. கோர்ட்டை மாற்றியமைக்கிற சாக்கில் பிடிக்காத நீதிபதியை வீட்டுக்கு அனுப்பலாம்னா, சர்க்காரை எதிர்த்து எவர் தீர்ப்பு எழுதுவார்? 2011 செப்டம்பர் 11 பரமக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் நாம ஏறினதும் கோர்ட்டுப் படிதானே.

ஆனால் ஆள் தொடர்ந்தால் பார்வையும் தொடரும். சென்னை மாகாணத்துக் கம்யூனல் ஜி.ஓ.வில் 14 இடத்துக்கு 2 இடம் நம்ம மக்களுக்கு. 1950 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னு சொன்னது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த அமர்வில் பெரும்பாலோர் ஃபெடரல் கோர்ட்டிலிருந்து வந்தவங்க. அண்ணல் சட்ட அமைச்சராக இருந்தபோது அதே வருஷம் வந்த முதல் திருத்தம் 15(4)ஐச் சேர்த்த பிறகுதான் அடைத்த கதவு திறந்தது.

உச்சநீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜன், தமிழ்நாட்டுக்காரர். அவர் அங்கே போனது 1980இல். பலகை மாறி 30 வருஷம் ஆகிடுச்சு. உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் நீதிபதி நியமனத்துக்கு இன்றைக்கும் இட ஒதுக்கீடு கிடையாது.

2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்தது. ராமேஸ்வரத்து மீனவப் பெண் ரிட் போட மெட்ராசுக்கு ஓட வேண்டாம், நல்லதுதான். அங்கே உட்காருகிறவருக்கும் பட்டம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிங்கிறதுதான். கட்டடம் கிட்ட வந்திருக்கு, நியமிக்கிற வழி மாறலை.

நாளைக்கு இன்னொரு கோர்ட்டைப் பிரிக்கலாம், சேர்க்கலாம். இருக்கிறவங்க பட்டமும் பதவியும் பத்திரமாகத் தொடர்வதைச் சட்டம் பார்த்துக்கும். இதுவரைக்கும் நாற்காலியே கிடைக்காதவங்க யாருன்னு நாமதான் கேக்கணும்.