துயரும் இருதயமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துயருக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சில கூறுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தனர். யான் தமிழாசிரியன், வைத்தியன் அல்லேன். எனினும், மருத்துவ அறிஞர் ஆய்ந்து வெளியிட்ட உண்மைகளை நம் வீட்டார்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல் ஆசிரியர்க்கும் உரிய கடமையே என்னும் துணிவினால் உங்கள் முன் நிற்கின்றேன்.

“நெஞ்சு உடைந்து போனாள்”, “ஏக்கத்திலேயே செத்தாள்” என்பன நம் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கும் சொற்கள். தன் தீர்ப்புப் பிழைபட்டதென உணர்ந்த அக்கணமே பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையினின்று வீழ்ந்து உயிர் நீத்ததையும், அவன் தேவியும் உடன் மாய்ந்ததையும் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கணவனோடு மனைவியும் மாய்ந்தது கண்டு வழிச்செல்வோர் இரங்கிக் கூறுவதைத் தொல்காப்பியர் மூதானந்தம் என ஒரு துறையாகவே வகுத்தார். இவையெல்லாம் புலவர் கூறும் உயர்வு நவிற்சி என்பார் உளர். காவியம் மருத்துவச் சான்று ஆகாது என்பது உண்மையே. ஆனால், பெருந்துயர் இருதயத்தின் தசையையே தாக்கவல்லது என்பது இன்று கருவிகள் வாயிலாகக் கண்ணாற் காணத்தக்க செய்தியாயிற்று. அவ்வரலாற்றைச் சிறிது கேளுங்கள்.

ஜப்பான் தேசத்து ஹிரோஷிமா நகரில் மருத்துவராயிருந்த ஹிகாரு சாத்தோ என்பாரும் அவர்தம் தோழரும் 1990-ஆம் ஆண்டில் ஒரு புதிய நோயை விவரித்து எழுதினர். அந்நோயாளர்க்கு மார்வலியும் மூச்சுத் திணறலும் மாரடைப்பிற் போலவே தோன்றின. ஈ.சி.ஜி. படமும் மாரடைப்பு என்றே காட்டியது. ஆனால், இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய்களை ஆஞ்சியோகிராம் செய்து நோக்கியவிடத்து, நோய்க்குக் காரணமான அடைப்பு எதுவும் காணப்படவில்லை. மாறாக, இருதயத்தின் இடப்புறக் கீழறை சுருங்க வேண்டிய வேளையில் அதன் நுனிப்பகுதி அசைவற்று ஊதியிருந்தது. மேற்பகுதி மட்டும் குறுகி நின்றது. ஜப்பானிய மீனவர் பேய்க்கணவாயைப் பிடிப்பதற்குக் கடலடியில் இறக்கும் பானையின் வடிவம் அது: வாய் குறுகி, வயிறு பருத்திருக்கும். அப்பானைக்கு அவர் நாட்டில் “தாகோத்சுபோ” என்று பெயர். அப்பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

இது நிகழும் வகை யாது? அச்சமோ துயரமோ சினமோ திடீரென்று தாக்கும்போது, சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்திற் சொரிகின்றன. நரம்புகளும் அதன் இனமான பொருள்களை வெளியிடுகின்றன. ஆபத்தினின்று ஓடவும் போராடவும் உடலை ஆயத்தம் செய்வது இயற்கையின் நோக்கம். வாய்க்காலில் அளவோடு பாயும் நீர் பயிரை வளர்க்கும். கரையுடைத்த வெள்ளமோ பயிரை மூழ்கடிக்கும். அதுபோல, இப்பொருள்கள் அளவிறந்து பெருகின் இருதயத் தசை திகைத்துச் செயல் மறக்கின்றது. அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய நோயாளர் 19 பேரை ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடும் மாரடைப்புற்றோர் இரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் இவர் இரத்தத்தில் அப்பொருள்கள் இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருந்தனவாம். 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டாப் பகுதியில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, அதன் அண்மையில் வாழ்ந்தோரிடையே இந்நோய் திடீரென மிகுந்தது என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது.

இனி, இந்நோய் யாரைப் பற்றுகின்றது என்பதனைத் தாய்மார்கள் ஊன்றிக் கேட்டல் வேண்டும். ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களைச் சேர்ந்த 1750 நோயாளரை ஆராய்ந்த முடிவு 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருள் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்கள். சராசரி வயது 67-ஐ ஒட்டியது. நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேரளவில் மனத் துன்பம் காரணமாயிருந்தது. முப்பத்தாறு பேர்க்கு உடல் நோய் முதலியன காரணமாயின. எஞ்சியோருட் பலர்க்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை. இன்பமும் விலக்கன்று. பிறந்தநாள் விழாவிலும் திருமணத்திலும் பெருமகிழ்ச்சியால் இந்நோயுற்றார் சிலர் இருந்தமை 2016-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

நோயுற்றோரிற் பெரும்பாலார் சில வாரங்களில் இருதய வலிமை மீளப் பெறுகின்றனர் என்பது ஆறுதல் தரும் செய்தி. ஆயினும் இதனை எளிதென்று கருதற்க. முற்கூறிய 1750 பேருள் நூற்றுக்கு நால்வர் மருத்துவமனையிலேயே இறந்தனர். மருத்துவமனையை அடையாதவர் இக்கணக்கிற் சேரார்.

நிற்க. இச்செய்தியால் நாம் கொள்ளவேண்டிய படிப்பினை யாது? நம் வீடுகளில் ஒரு சாவு நிகழ்கின்றது. கணவனையோ மகனையோ இழந்த மூதாட்டி ஒருத்தி மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கின்றாள். சூழ இருப்போர் முகத்தில் நீர் தெளிக்கின்றனர், விசிறுகின்றனர், சோடா கொடுக்கின்றனர். “துக்கம் தாளாத மயக்கம்”, “வாயுக் குத்து” என்று சொல்லி அமைகின்றனர். அன்பர்களே! அது மாரடைப்பாகவும் இருக்கலாம். யான் கூறிய இந்நோயாகவும் இருக்கலாம். இரண்டையும் வீட்டிலிருந்தவாறு வேறு பிரித்தறிதல் எவர்க்கும் இயலாது. மார்வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும் அக்கணமே 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

“பிணம் வீட்டிற் கிடக்கையில் மனைவி வெளியேறலாமோ? ஊர் என்ன சொல்லும்?” என்று சிலர் வினவக்கூடும். ஊரார் சொல் ஒரு நாளிற் போம். போன உயிர் மீளாது. இறந்தவர் எழுந்து வந்து பேசக்கூடுமாயின், “என்னைப் பின்னர் எடுக்கலாம், அவளை முன்னர்க் காப்பாற்றுங்கள்” என்றே கூறுவர். உடன் மாய்வதைப் பண்டையோர் பாடினர். உடன் மாயாமற் காப்பது நம் கடன்.

இன்னும் இரண்டு கூறி முடிக்கின்றேன். துக்க வீட்டில் முதியோர் உண்ணாது கிடப்பதும், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உட்கொள்ளும் மருந்தை மறப்பதும் வழக்கமாயுள்ளன. உறவினருள் ஒருவர் அவர்க்கு வேளைதோறும் உணவும் மருந்தும் கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். மருந்தின் அளவை மருத்துவரே கூறுக. இரண்டாவது, கணவனை இழந்தவளைப் பலர் நடுவே அமர்த்தி, வளையல் உடைத்து, தாலி களைந்து, கூடி ஒப்பாரி வைக்கும் சடங்கு. முன்னரே புண்பட்ட நெஞ்சின்மேல் மீண்டும் ஓர் அடி அடிப்பதை அன்றி இச்சடங்கினால் விளையும் நன்மை யாது? இதனை நம் குலத்தார் அறவே ஒழித்தல் வேண்டுமென இவ்வவையினரை வேண்டிக்கொள்ளுகின்றேன். பதினாறாம் நாள் கழிந்தவுடன் அவளைத் தனியே விட்டு அனைவரும் கலைந்து போதலும் தகாது. மாதர் சிலர் முறைவைத்துச் சென்று, உடனிருந்து உண்டு, அவள் கூறுவதைச் செவிமடுத்தலே நற்றுணையாகும்.

துயரை ஒழிக்க வல்லார் உலகில் இலர். துயருற்றாரைக் காக்க நாம் அனைவரும் வல்லோம்.