பழம்படங்களைப் புதுக்குங் கலை
(திருவதிகையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கெடிலக்கரைத் திருவதிகையில் இலக்கணம் கற்பிக்கும் யாம் கணினிப் படத்தொழிலைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். நம்மவர் இல்லங்களில் தொங்கும் முன்னோர் படங்கள் ஆண்டுதோறும் மங்கி வருகின்றன. அவற்றைக் காக்கும் வழியை நம் மக்கள் அறிதல் வேண்டுமென்பதே எம் கருத்து.

படத்தைத் திருத்துதல் புதிய வழக்கமன்று. 1858-ஆம் ஆண்டையொட்டி மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப் என்பார், நெகட்டிவ் தாள்களின்மேல் வண்ணந் தீட்டி வானத்தில் மேகங்களை உண்டாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களை 21 பகுதிகளாக எடுத்து 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அன்று கையாற் செய்ததை இன்று கணினியாற் செய்கின்றோம். அதற்குரிய மென்பொருள்களுள் கிம்ப் என்பது விலையின்றிக் கிடைப்பது. 1995-இல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கியது.

முதற்கண், படத்தை ஸ்கேனரில் அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் பதிந்துகொள்க. அம்மூலத்தைத் தொடாது வைத்து, அதன் படியிலேயே வேலை செய்க. ஜேபெக் வகையில் மீண்டும் மீண்டும் சேமித்தால் நுட்பங் குறையும். டிஃப், பிஎன்ஜி வகைகளில் அக்குறை இல்லை.

அடுத்து, லேயர் என்னும் அடுக்கை அறிக. ஓவியத்தின்மேற் கண்ணாடித் தகடிட்டு அத்தகட்டில் எழுதுவது போன்றது அது. எழுத்துப் பிழைத்தால் தகட்டை நீக்கலாம், ஓவியங் கெடாது.

மங்கிய படத்தில் கருமை சாம்பலாகவும் வெண்மை பழுப்பாகவும் மாறியிருக்கும். லெவல்ஸ் என்னும் பகுதியிலுள்ள இருபுற முக்கோணங்களை, அங்குள்ள வரைபடம் தொடங்குமிடத்திற்கும் முடியுமிடத்திற்கும் நகர்த்தின், இரண்டும் மீளும்.

கீறலையுங் கறையையும் நீக்கக் குளோன், ஹீல் என்னும் இரு கருவிகள் உள. முன்னது அருகிலுள்ள நல்ல பகுதியை அப்படியே எடுத்து ஒட்டும். பின்னது ஒட்டியதன் நிறத்தையும் ஒளியையும் சூழலோடு பொருத்தும். கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு நல்ல பகுதியைச் சொடுக்கி, சிறு தூரிகையாற் பையப் பையத் தடவுக.

இக்கருவி கைவந்த செருக்கில் யாம் செய்த பிழையொன்றையும் சொல்லல் வேண்டும். காலஞ்சென்ற எம் தந்தையார் படத்தைச் செப்பஞ்செய்தபொழுது, கீறல்களோடு அவர் கன்னத்து அம்மைத் தழும்புகளையும் துடைத்துவிட்டோம். படத்தை அன்னையாரிடம் மகிழ்ந்து நீட்டினோம். நெடுநேரம் நோக்கி, "தழும்பு எங்கேயப்பா? இது அவர் முகம் இல்லையே" என்றனர். யாம் நாணித் தலைகுனிந்தோம். திருத்தம் தனியடுக்கில் இருந்தமையால் அதனை நீக்கி, தந்தையார் முகத்தை மீட்டோம்.

அன்பர்களே! கறை தாளில் நேர்ந்தது. தழும்பு மனிதரோடு வாழ்ந்தது. முன்னதை நீக்குக, பின்னதைத் தொடற்க. பிணக்குற்ற உறவினரைக் குடும்பப் படத்தினின்று அகற்றச் சொல்வாரும் உளர், அதற்கு உடன்படற்க. நாளைய பேரப்பிள்ளைகட்கு அப்படமே சான்றாகும். திருத்திய படத்தின் பெயரில் 'திருத்தியது' எனக் குறித்து, படத்திலுள்ளார் பெயரையும் ஆண்டையும் உடன் எழுதி வைக்க.

அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு பழம்படம் கொணர்வாராக. இளைஞர்கள் உடனிருந்து பழகலாம்.