புகழுரையின் இலக்கணம்: நாளிதழ்த் திரை மதிப்புரைகளை முன்வைத்து



மொழியியல் படித்தவன் திரைப்படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நான் பேசப்போவது படங்களைப் பற்றியன்று. பரிசும் பாராட்டும் பெற்ற படங்களைக் குறித்து நம் நாளிதழ்களும் வார இதழ்களும் எழுதும் புகழ்மொழியைப் பற்றியே. தமிழ் மாணவர் பலர் தாமாக விரும்பிப் படிக்கும் உரைநடைகளுள் ஒன்று திரை மதிப்புரை. கட்டுரைப் பயிற்சிக்கு நாம் தரும் மாதிரிகளைவிட அது அவர்கள் நடையில் ஆழமாகப் பதிகிறது. ஆகவே அதன் இலக்கணத்தை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

முதலில் வினைமுற்றைக் கவனியுங்கள். கதைச் சுருக்கம் கூறும்போது மதிப்புரையாளர் நிகழ்காலத்தில் எழுதுகிறார்: ‘சிறுவன் ஊரை விட்டு ஓடுகிறான்’, ‘தந்தை தேடி அலைகிறார்’. தீர்ப்புச் சொல்லும் இடம் வந்ததும் வினை மாறிவிடுகிறது: ‘நடித்திருக்கிறார்’, ‘செதுக்கியிருக்கிறார்’, ‘உழைத்திருக்கிறார்கள்’. ‘இரு’ என்னும் துணைவினை இங்கே வீணாக வரவில்லை. முடிந்துபோன செயலின் விளைவு கண்முன் நிற்க, அதைக் கொண்டு செயலை உய்த்துணர்ந்து கூறும்போது தமிழர் பயன்படுத்தும் வடிவம் அது. காலையில் தரை ஈரமாக இருந்தால் ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம் அல்லவா? அதே இலக்கணந்தான். ஆக, ‘இயக்குநர் செதுக்கியிருக்கிறார்’ என்று எழுதுபவர், ‘நான் ஒரு தடயத்தைக் கண்டேன்’ என்று சொல்லாமற் சொல்கிறார். அப்படியாயின் ஈரத் தரை எங்கே என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. பெரும்பாலான மதிப்புரைகளில் மழை பெய்திருக்கிறது. தரையை மட்டும் காணோம்.

இரண்டாவது, ‘நெஞ்சை உருக்குகிறது’, ‘மனத்தைக் கனக்கச் செய்கிறது’ போன்ற தொடர்கள். யாருடைய நெஞ்சு? ஆறாம் வேற்றுமைக்குரிய பெயர் அங்கே இல்லை. ‘என் நெஞ்சு’ என்று எழுதியிருந்தால் அது ஒருவரின் அனுபவம். நாம் ஏற்கலாம், மறுக்கலாம். உடைமையாளரை நீக்கியதும் அது எல்லாருடைய நெஞ்சாகிவிடுகிறது. உருகாதவன் நெஞ்சில்லாதவன் ஆகிவிடுகிறான்! புகழுரையின் வற்புறுத்தல் பெரும்பாலும் இந்த விடுபட்ட சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

நம் அணியிலக்கணம் இதை முன்னரே ஆராய்ந்திருக்கிறது. தண்டியலங்காரம் பொருளணிகளை எண்ணத் தொடங்கும்போது முதலில் வைப்பது தன்மையணியை. ஒன்றன் இயல்பை உள்ளவாறே விளக்குவதை. உயர்வு நவிற்சி எனப்படும் அதிசயம் அதற்குப் பின்னரே வருகிறது. நம் இதழ்களில் இவ்வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. தண்டியார் கூறும் ‘மாறுபடு புகழ்நிலை’ என்னும் அணியும் மதிப்புரையாளர்க்கு மிக உதவுகிறது. மனத்திலுள்ள ஒன்றைப் பழிப்பதற்காக வேறொன்றைப் புகழ்வது அது. படம் முழுதும் பார்த்து வந்தவர் ஒளிப்பதிவை மட்டும் நான்கு வரி பாராட்டியிருந்தால், திரைக்கதையைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று கூறவும் வேண்டுமோ?

தமிழில் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று கருத வேண்டா. 1935ஆம் ஆண்டு கே. பி. சுந்தராம்பாள் நடித்து வெளிவந்த ‘நந்தனார்’ அன்றைய பெருஞ்செய்தி. அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் என்று நாடே வியந்தது. ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தை எள்ளி எழுதினார். பனைமரம், எருமை, ஆடு ஆகியவையே நன்றாக நடித்தன என்பது அவர் தீர்ப்பின் சாரம். கடுமைதான். ஆயினும் நாம் அந்தத் தீர்ப்பைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். பிற்காலத்தில் அதே இதழ் மதிப்பெண் வழங்கும் முறையைக் கைக்கொண்டது. 1977இல் ‘16 வயதினிலே’ 62.5 பெற்றதைத் திரை ஆர்வலர் இன்றும் சொல்லி மகிழ்வர். நூற்றுக்கு அறுபது என்பதே பெரும்புகழ் என்னும் கட்டுப்பாடு அக்காலத்தில் இருந்தது. சொல்லுக்கு அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லாததால் ‘காவியம்’ என்னும் சொல் இன்று வெள்ளிக்கிழமைதோறும் மலிவாகக் கிடைக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015இன் இறுதியில் திரைக்கு வந்தது. தோட்டங்கள் சிதைந்து புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வாழ்வை, அப்போய் என்னும் சிறுவன் வழியாகக் காட்டிய படம். 2016ஆம் ஆண்டின் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழியடிப்படையில் பிரித்தபோது, இது தேசிய மொழியல்லாத படங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. கலைஞர்கள் பலர், மலாய்க் கலைஞர்கள் உட்பட, எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளை மாற்றியமைத்தனர். முடிவில் ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்றது.

ஆங்கில, மலாய் நாளிதழ்களும் இப்படத்தைப் பாராட்டின. அவர்கள் பார்த்தது துணைத்தலைப்புகளின் வழியே. காட்சி, நடிப்பு, வறுமையின் சித்திரிப்பு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் எழுதியது இயல்பே. ஆனால் அந்தப் படத்தின் உயிர் அதன் பேச்சில் இருக்கிறது. அதைச் செவியால் கேட்டு மதிப்பிடக்கூடியவர்கள் தமிழ் மதிப்புரையாளர்கள் மட்டுமே. நான் வாசித்த அளவில், ‘நம்மவர் படைப்பு’, ‘பெருமைக்குரிய முயற்சி’, ‘அனைவரும் ஆதரவு தாருங்கள்’ என்ற அளவில் பலர் நின்றுவிட்டனர். தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியில் தீய, கெட்ட என்று பொருள்படும் சொல் அது. அதன் நடுவில் உள்ள ஹகர ஒலிக்கு நாம் கிரந்த எழுத்தை நாடவில்லை, ககரமே போதுமானதாயிற்று. ஏனெனில் ‘மகன்’, ‘அகம்’ என்று நாம் ஒலிக்கும்போது உயிர்களுக்கிடையே வரும் ககரம் இயல்பாகவே மென்மையாகி ஹகரத்தை அணுகுகிறது. பள்ளியில் ஒரு பிள்ளையைப் பார்த்து இச்சொல்லைச் சொன்னால், ‘கெட்டவன்’ என்னும் தமிழ்ச் சொல்லைவிட அது எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். இதை எழுத ஒரு பத்தி போதும். அந்தப் பத்தி பல பாராட்டுகளுக்கு ஈடாகியிருக்கும்.

‘ஆதரவு தாருங்கள்’ என்னும் வேண்டுகோளை நான் இகழவில்லை. 2005இல் தீபக் குமாரன் மேனன் ‘செம்மண் சாலை’யை எடுத்த காலம் தொட்டு, உள்ளூர்த் தமிழ்ப் படத்தைத் திரைக்குக் கொண்டுவருவது எளிதன்று. ஆனால் ஆதரவு வேறு, மதிப்பீடு வேறு. எல்லாவற்றையும் ஒரே அளவில் புகழ்ந்தால், உண்மையிலேயே சிறந்த ஒன்று வரும்போது அதற்கென்று மீதமாகச் சொல் இருக்காது. அப்போது முதலில் ஏமாறுபவன் நல்ல கலைஞனே.

ஆவணப்படங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. (பழந்தமிழில் ‘ஆவணம்’ என்பதற்குக் கடைத்தெரு என்றும் பொருள் உண்டு, நாம் கூடியிருக்கும் இந்த லிட்டில் இந்தியாவும் அந்தப் பொருளில் ஓர் ஆவணமே.) ஆவணப்படத்துக்கென்று நம் இதழ்கள் வைத்திருக்கும் சொல் ‘முயற்சி’. அரிய முயற்சி, துணிச்சலான முயற்சி, காலத்தின் தேவையான முயற்சி. முயற்சி என்றால் முடிவுபெறாதது என்ற சாயல் அதில் இருப்பதை எழுதுவோர் உணர்வதில்லை. நாடோடிகள் கலைக்குழுவினரின் சயாம் மரண இரயில் ஆவணப்படத்தை நினையுங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர்ப் பாதையை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு மீண்ட முதியோர், தோட்டத் தமிழில், தாமே பேசுகிறார்கள். அவர்கள் எங்கே வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்துகிறார்கள், இறந்தவரைக் கூற எந்தச் சொல்லைத் தேர்கிறார்கள் என்பதைக் கேட்டெழுதுவதன்றோ மதிப்புரை? கருப்பொருளின் துயரத்தைப் புகழ்ந்துவிட்டுப் படத்தைப் பாராமல் போவது அம்முதியோர்க்குச் செய்யும் மரியாதையாகாது. முதுமலை யானைகளையும் பொம்மன், பெள்ளி இணையரையும் பற்றிய படம் 2023இல் ஆஸ்கர் பெற்றபோதும் இதுவே நேர்ந்தது. விருதைப் பற்றி ஏராளமாக எழுதினார்கள். அவ்விருவரும் யானைக்குட்டியிடம் பேசும் மொழியைப் பற்றி எழுதியவர் அரியர்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஏதேனும் ஒரு மதிப்புரையை எடுத்து, வேறு எந்தப் படத்துக்கும் பெயர்த்து ஒட்டக்கூடிய வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். எஞ்சியிருப்பதை எண்ணுங்கள். உங்கள் கையில் உள்ள தாளில் அவ்வாறு செய்வதற்காகவே மூன்று பத்திகளைப் பெயர் நீக்கிக் கொடுத்திருக்கிறேன். பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவராகப் படித்துக் காட்டலாம். முதற்பத்தியை முன்வரிசையில் உள்ளவர்கள் தொடங்குங்கள்.