பொய் மருந்துக்குச் சட்டம் உண்டு; வழக்கு எங்கே?

(பெண்ணாடத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



நம்மோடு கரும்பு வெட்டப் போகிற தோழர் ஒருவர் இன்று இங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குக் கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டு வந்தார். "48 நாளில் சர்க்கரை அடியோடு போகும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று வேனில் மைக் கட்டி வந்தவன் சொன்னான். டப்பா 1,800 ரூபாய். மூன்று டப்பா, வட்டிக்கு வாங்கிய பணத்தில். மாத்திரையை நிறுத்தினார். கரும்புச் சோகை கிழித்த புண் ஆறவே இல்லை.

அவரை ஏமாளி என்று யாரும் பேச வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது. வீடு தேடி மாத்திரை தரும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2021-ல் தொடங்கியது, நல்ல திட்டம். அது ஒழுங்காக வராத தெருவுக்கு லேகியக்காரன் வேன் மட்டும் ஒழுங்காக வருகிறது.

சட்டம் இல்லையா? 1954-லேயே பார்லிமெண்ட் போட்டது. மருந்துகள், மாய வைத்தியங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்று பெயர். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புற்றுநோய், காக்காய் வலிப்பு, பக்கவாதம் என்று 54 நோய்களின் பட்டியல் அதில் இருக்கிறது. இவற்றைக் குணப்படுத்தும் என்று ஜனங்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம். தாயத்து, மந்திரத்துக்கும் தடை உண்டு. நோட்டீஸ், டப்பா மேல் ஒட்டிய சீட்டு, வாயால் கூவுவது, மைக்கில் கத்துவது எல்லாமே விளம்பரம்தான். முதல் தடவை ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருஷம் வரை. வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம்.

விளம்பரம் எங்கள் பேச்சுரிமை என்று ஹம்தர்த் தவாகானா கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இத்தகைய மருந்து விளம்பரம் வியாபாரம். அதற்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு கிடையாது என்று 1959 டிசம்பரில் கோர்ட்டு சொன்னது. சரக்கைப் பறிமுதல் செய்யும் பிரிவை அன்று ரத்து செய்தது. 1963-ல் அதைத் திருத்தி எழுதினார்கள்.

ஆனால் சட்டத்தின் கை யார் மேல் விழுகிறது? 2020 மே மாதம் கொரோனாவுக்கு மருந்து இருக்கிறது என்று சொன்ன ஒருவரைச் சென்னையில் கைது செய்தார்கள். குண்டர் சட்டமும் பாய்ந்தது. செய்த தவறுக்கு வழக்குப் போட்டது சரிதான். அடுத்த மாதம், ஜூன் 23, ஹரித்வாரில் பதஞ்சலி கம்பெனி காமிராக்களைக் கூட்டிவைத்து ஏழு நாளில் கொரோனா குணம் என்றது. விளம்பரத்தை நிறுத்து என்ற மத்திய சர்க்கார், சில நாளில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சொல்லி விற்க விட்டது.

2022-ல் இந்திய மருத்துவச் சங்கம் அந்தக் கம்பெனியின் விளம்பரங்களைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. 2023 நவம்பரில், ஒவ்வொரு பொய்க்கும் ஒரு கோடி அபராதம் போடுவோம் என்று கோர்ட்டு எச்சரித்தது. இனிச் செய்யமாட்டோம் என்ற கம்பெனி மீண்டும் செய்தது. அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 13-ல் மன்னிப்பு ஏற்கப்பட்டது. விஷயம் முடிந்தது! மன்னிப்பு விளம்பரம் போட நம் வேன்காரனுக்கு வசதியில்லை, பாவம்.

சர்க்கார் என்ன செய்தது? ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரத்துக்கு முன்அனுமதி கேட்கும் 170-வது விதி 2018-ல் வந்தது. அதை வைத்து நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2023 ஆகஸ்டில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியையே நீக்கியது. கோர்ட்டு போட்ட தடையும் 2025 ஆகஸ்டில் விலகிவிட்டது. சித்த வைத்தியத்தின் மேல் எனக்குப் பகையில்லை. அதன் பெயரைச் சொல்லிக் கொள்ளையடிப்பவனுக்கு யார் கதவு திறந்துவிட்டது என்றுதான் கேட்கிறேன்.

ஆனாலும் 1954 சட்டம் நிற்கிறது. கேரளத்தில் 2024-ல் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா பதஞ்சலியின் திவ்யா பார்மசி மேலேயே வழக்குப் போட்டது. அங்கே கண்ணூர் டாக்டர் கே.வி. பாபு விடாமல் புகார் எழுதிக்கொண்டிருந்தார். ஜனங்கள் புகார் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

ஆகவே நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். பின்புறம் தேதியும் இடமும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். மைக்கில் பேசினால் போனில் பதிவு செய்யுங்கள், வண்டி நம்பரோடு. அந்தத் தோழரின் மூன்று டப்பாக்களும் என்னிடம் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை மருந்து இன்ஸ்பெக்டரிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கப் போகிறோம். அதே வேனில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.