ப்ரீஆம்ப் இருக்க வேண்டிய இடம்

நம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களிடையே இப்போது ஒரு மோகம். செயற்கைக்கோள் சரியாகக் கேட்கவில்லையா, உடனே 30 டெசிபல், 40 டெசிபல் என்று அலையைப் பெருக்கும் ஒரு ப்ரீஆம்பை வாங்கி, மேசைமேல் ரேடியோவின் முதுகில் சொருகிவிடுகிறார்கள். அலையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் துள்ளி ஏறுகிறது. குரல் தெளிகிறதா? இல்லை. இரைச்சலும் சேர்ந்துதான் ஏறுகிறது.

ப்ரீஆம்ப் இருக்க வேண்டிய இடம் மேசை அல்ல, மாடி. ஆண்டெனாவை ஒட்டி.

2002 டிசம்பரில் ஏவிய எஸ்.ஓ.-50 ஹாம் செயற்கைக்கோளைப் பாருங்கள். 436.795 மெகாஹெர்ட்ஸில் கால் வாட் சக்தியில் அனுப்பும்படி கட்டப்பட்டது. அந்தச் சிறு அலையை ஆர்.ஜி.-58 கேபிளில் 20 மீட்டர் கீழே இறக்கினால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ரேடியோவைச் சேரும். அதற்கப்புறம் பெருக்கி என்ன பயன்? தொடரில் முதலில் நிற்கும் கருவிதான் மொத்த இரைச்சலையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று ஹெரால்ட் ஃபிரிஸ் 1944-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். மேலே வைத்தால் 20 டெசிபல் தாராளம். இரைச்சல் எண் 1 டெசிபலுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நம் இஸ்ரோ 2005 மே 5-ஆம் தேதி அனுப்பிய ஹாம்சாட் செயற்கைக்கோள் நம்மைச் செல்லமாகப் பழக்கிவிட்டது. அதன் அலை 145 மெகாஹெர்ட்ஸில் இறங்கியது. அங்கே கேபிள் விழுங்குவது குறைவு. 2014-இல் அது ஓய்ந்தது. 435 பக்கம் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு நெருக்கடி. மேற்கே மலை. அந்தப் பக்கமிருந்து வரும் செயற்கைக்கோள் மலைமுகட்டைத் தாண்டிய பிறகுதான் நமக்குக் கிடைக்கும். அது வானைக் கடக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடப் பாஸில் தொடக்கம் போய்விடும். மிச்ச நிமிடங்களாவது தெளிவாக வேண்டாமா? மேலகரத்தில் நண்பர் வீட்டு மாடியில் ப்ரீஆம்புக்கு மின்சாரத்தை நிறுத்தியும் கொடுத்தும் கேட்டோம். நிறுத்தினால் வெறும் இரைச்சல். கொடுத்தால் அழைப்புக்குறி எழுத்தெழுத்தாக விழுந்தது. அன்று அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கவில்லை.

ஆனால் குற்றாலச் சாரல் மேலிருந்து மட்டும் விழாது, காற்றோடு பக்கவாட்டிலும் வரும். மாடியில் வைக்கும் ப்ரீஆம்ப் பெட்டியின் கனெக்டர்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். அடியில் சிறு துளை போடுங்கள். உள்ளே வேர்க்கும் நீர் வடிய வேண்டும். கனெக்டர்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் பின்னலில் ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கேபிள் போனதுதான்.

கடைசியாக, எஸ்.ஓ.-50-க்கு நாம் பேசும் 145.850-ஐ மூன்றால் பெருக்குங்கள்: 437.55. கேட்கும் அலைவரிசைக்கு வெகு பக்கம். நம் குரலே நம் ப்ரீஆம்பை அடைத்துவிடும். அதனால் 145-ஐத் தடுக்கும் வடிகட்டியை ப்ரீஆம்புக்கு முன்னால் போடுங்கள். பேசும் ஆண்டெனாவின் கேபிளில் 437-ஐத் தடுக்க இன்னொன்று. ஒரே ஆண்டெனாவில் பேசவும் கேட்கவும் செய்பவர்கள், பேசும்போது ப்ரீஆம்பை விலக்கிவிடும் ரிலே இல்லாமல் ப்ரீஆம்பை மேலே ஏற்றாதீர்கள். முதல் அழுத்தலிலேயே கருகிவிடும்.