எதையும் காதில் வாங்காதவர்கள்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வத்தைக் கும்பிட உறவினர்களோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் திரிகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அப்போது அந்தப் பகுதியெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அவர் உயிர் போயிற்று. பொய்யை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த ஆபத்தைப் பற்றி ஓரளவு பேசியிருக்கிறோம், பிறரை எச்சரித்தும் இருக்கிறோம்.

நாம் போதுமான அளவு பேசாத கேடு ஒன்று உண்டு. பொய்யை நம்பாதவர்களால் வருவது அது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஊசி. உங்களில் பலர் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்திருப்பீர்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றது நினைவிருக்கலாம். அன்றைக்கு மட்டும் உங்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தியும் இருக்கலாம். அந்த ஊசியைப் பற்றி அத்தனை வதந்திகள் செல்பேசிகளில் சுற்றின.

அவற்றை முழுசாக நம்பிய பெற்றோர் கொஞ்சம் பேர்தான் என்பது என் எண்ணம். மற்றவர்களின் பதில் வேறு. “ஆளுக்கொண்ணு சொல்றாங்க சிஸ்டர், எதுக்கு வம்பு, அப்புறம் பாத்துக்கலாம்.” தோளில் தடுப்பூசிப் பெட்டியோடு வாசலில் நிற்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இதைவிடக் கடினமான பதில் கிடையாது. ஊசியால் கெடுதல் என்று வாதாடுகிறவரிடம் என்ன கெடுதல், யார் சொன்னார்கள் என்று கேட்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கலாம். எதையுமே காதில் வாங்காதவரிடம் எங்கே தொடங்குவது? அவருக்கு வதந்தியும் ஒரு ஃபார்வர்டு, அரசின் அறிவிப்பும் ஒரு ஃபார்வர்டு, டாக்டர் பேசும் வீடியோவும் ஒரு ஃபார்வர்டு.

பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. தட்டம்மை நமக்காகக் காத்திருக்கும் நோயல்ல. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றும். நூற்றுக்கு 95 பேராவது ஊசி போட்டிருந்தால்தான் அதை நிறுத்தி வைக்க முடியும். ரூபெல்லா, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால், பிள்ளை கண்புரையோடும் இதயக் கோளாறோடும் காது கேளாமலும் பிறக்கக்கூடும். “எதுக்கு வம்பு” என்று கதவைச் சாத்தியவர் அந்த வம்பைப் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியிடம் அனுப்பி வைத்துவிடுகிறார்.

சலிக்க வைத்தாலே போதும் என்பதைப் பொய் விற்கிறவர்கள் வெகு காலம் முன்பே கண்டுகொண்டார்கள். புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1964இல் அறிக்கை வெளியிட்டார். 1969இல், பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்றில், நாம் விற்கும் சரக்கே சந்தேகம்தான் என்ற பொருள்பட எழுதி வைத்திருந்தார்கள். சிகரெட் உடம்புக்கு நல்லது என்று யாரையும் நம்ப வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஒரு டாக்டர் இப்படிச் சொல்கிறார், இன்னொருவர் அப்படிச் சொல்கிறார் என்று புகைப்பவர் கையை விரித்தால் போதும், அடுத்த பாக்கெட் விற்றுவிடும்.

இன்று அந்தச் சலிப்பைப் படித்த பிள்ளைகளிடம் நிறையப் பார்க்கிறேன். “நான் நியூஸே பாக்கறதில்ல சார், எல்லாம் பொய்” என்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் செய்தி வாசிப்பைப் பற்றி ஆண்டுதோறும் கருத்துக் கேட்டு வருகிறது. செய்திகளை அவ்வப்போதோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017இல் 29 சதவீதம், 2025இல் 40 சதவீதம். இவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களைப்பு உண்மையானது. காலையில் போனைத் திறந்தால் ரோஜாப்பூவோடு ஒரு வணக்கம். அடுத்து “அவசரம், உடனே பகிரவும்”. அதன் கீழே யாரோ ஒரு நடிகர் இறந்துவிட்டதாக ஒரு பொய். அதற்கும் கீழே, அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் மேடான இடத்துக்குச் செல்லவும் என்று மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கை. நான்கும் ஒரே அளவுக் கட்டத்தில், ஒரே எழுத்தில் இருக்கின்றன. விரல் நான்கையும் ஒரே வேகத்தில் தள்ளிவிட்டுப் போகிறது.

மாடி வீட்டில் இருப்பவர் அப்படித் தள்ளிவிடலாம். ஆற்றங்கரையில் குடிசை போட்டிருப்பவரால் முடியாது.

கவனிக்காமல் விட்டால் பொய் நமக்குள் நுழையாது என்று நினைப்பதும் சரியல்ல. 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர், மாணவர்களிடம் சில கூற்றுகளைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப முன்வைத்தார்கள். உண்மையோ பொய்யோ, மறுபடி எதிர்ப்பட்ட கூற்று கூடுதலாக மெய்யெனத் தோன்றியது. பாதிக் கண்ணால் பார்த்துத் தள்ளிவிடுவதும் பார்ப்பதுதான்.

உலகத்துப் பொய்களையெல்லாம் துரத்திப் பிடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது யாராலும் ஆகாத காரியம். நீங்கள் படித்த பாடத்துக்கு மட்டுமாவது காவலாக இருங்கள். வேதியியல் படித்தவர், சமையல் சோடாவும் எலுமிச்சையும் புற்றுநோயைக் கரைத்துவிடும் என்ற செய்தியைக் கண்டும் காணாமல் போகக் கூடாது. தமிழ் படித்தவர், வள்ளுவர் பெயரில் யாரோ எழுதிய வரி வந்தால் குறள் எண்ணைக் கேட்க வேண்டும். தெரியாத துறையென்றால், “எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி விசாரியுங்கள். பெரியப்பா அனுப்பியது தவறென்றால் எல்லோர் முன்னாலும் கேலி செய்யாமல் தனியே போன் போட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை அவமானப்பட்டவர் மறுமுறை உங்களிடம் கேட்க மாட்டார். சலித்துப்போய்ச் சாத்திய கதவுகளை நம் செவிலியர்கள் இப்படித்தான் திறக்கிறார்கள். முகம் சுளிக்காமல், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாலும் பதில் சொல்லி, மறுபடி வருகிறார்கள்.

உங்களில் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். இனி வீட்டில் “இது நெசமா, பாத்துச் சொல்லு” என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். கேட்பது அம்மாவாக இருக்கும், ரேஷன் கடையைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ இருக்கும். “எல்லாம் சும்மாம்மா, விடு” என்று சொல்லிவிடாதீர்கள். போனை வாங்கி, முழுசாகப் படித்து, எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்து, பிறகு பதில் சொல்லுங்கள்.