குப்பையும் தண்டமும்



படவேட்டில் தறியுள்ள வீடுகளில் அடுப்புச் சாம்பலும் காய்கறித் தோலும் மாத்திரம் சேர்வதில்லை. அறுந்த இழையும் சாயப்பொடி வந்த பையும் உடன் சேர்கின்றன. அவற்றை அந்தியில் வாரி ஏரியிற் கொட்டுவது நம்மிற் சிலருக்கு வழக்கமாயிற்று. சட்டமோ இதனை அற்பமாகக் கருதவில்லை.

பொது ஊற்று, நீர்த்தேக்கம் இவற்றின் நீரை வேண்டுமென்றே கெடுத்தவனுக்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதித்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 279-ஆம் பிரிவு, அவற்றை ஆறு மாதமாகவும் 5,000 ரூபாயாகவும் உயர்த்திற்று. தெருவில் எறிதலையும் எரித்தலையும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்துவிட்டன.

5,000 ரூபாய் வியாபாரிக்கு ஒரு பொருட்டன்று. கூலிக்கு நெய்பவனுக்கோ எத்தனை நாள் உழைப்பு! குப்பை வண்டி வாராத தெருவுக்கு அபராதம் மாத்திரம் வரலாமோ என்று சிலர் வினவுகின்றனர். வினா நியாயமே; பஞ்சாயத்தாரிடம் வண்டி கேட்போம். ஆயினும் பட்டு நூலை அலசுவதற்கு நல்ல நீரன்றோ நமக்கு வேண்டும்? ஆகையால் மக்குவதை ஒரு கூடையிலும், மக்காததை மற்றொன்றிலும், சாயப் பைகளைத் தனியேயும் இன்று முதலே வைக்குமாறு தாய்மார்களையும், அவர்களினும் முக்கியமாக ஆடவரையும், வேண்டிக்கொள்கிறோம்.